கழகத்தோடு சண்டை பிடிப்பது எப்படி: ஆதரவாளர் சங்கப் பொருளாளர் ஒருவரின் குறிப்புகள்

என் அப்பா யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தார். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, கோடு போடச் சுண்ணாம்பு இரண்டு மூடை, வலை தைக்கக் கயிறு, வெளியூர் ஆட்டத்துக்கு வான் வாடகை என்று ஒவ்வொரு வரியாக வாசிப்பார். யாராவது எழும்பி, "சுண்ணாம்பு ஏன் இரண்டு மூடை?" என்று கேட்டால் கோபப்படமாட்டார். பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டுவார். கேட்டவரும் அப்பாவும் கூட்டம் முடிந்ததும் ஒன்றாகத்தான் சைக்கிள் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்.

நான் இப்போது தெற்கு இலண்டனில், டூட்டிங்கில் இருக்கிறேன். கணக்குப் பதிவு என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தின் ஆதரவாளராகவும், அதில் ஆறு வருடம் ஆதரவாளர் சங்கத்தின் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று வாதாடியவர்கள் இன்றும் ஒரே தகரக் கூரையின் கீழ் நின்றுதான் ஆட்டம் பார்க்கிறோம்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம்மவர்களில் பலர் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போகிறார்கள், சீசன் டிக்கெட் வாங்குகிறார்கள், சட்டை வாங்குகிறார்கள். ஆனால் நிர்வாகம் பிழையான வழியில் போகிறது என்று பட்டால் வாய் திறக்காமல் ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் கோபத்தில் கத்திவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறார்கள். இரண்டாலும் கழகத்துக்குப் பயன் இல்லை. நிர்வாகத்தோடு முரண்படுவதற்கு ஒரு வேலைமுறை உண்டு. நான் கற்றுக்கொண்ட அளவில் அதைச் சொல்கிறேன்.

முதலில் காணி உறுதியைப் பாருங்கள்

ஆதரவாளர் சண்டைகளில் பெரும்பகுதி பயிற்றுவிப்பாளரைப் பற்றியும், வாங்கிய, வாங்காத வீரர்களைப் பற்றியும்தான். அதில் நானும் சளைத்தவள் அல்ல. ஆனால் அந்தப் பிழைகளை அடுத்த பருவத்தில் திருத்திவிடலாம். மைதானம் கைமாறினால் திருத்த முடியாது. அதனால் உங்கள் குறைகளை ஒரு தாளில் எழுதி, திருத்தக்கூடியவை ஒரு பக்கம், திருத்த முடியாதவை மறுபக்கம் என்று பிரியுங்கள். காணி, கடன், கழகத்தின் பெயர், நிறம், சின்னம் எல்லாம் இரண்டாவது பக்கத்தில் வரும். உங்கள் சக்தியை அங்கே செலவழியுங்கள்.

பிரைட்டன் கழகத்தின் கதையை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கோல்ட்ஸ்டோன் மைதானம் 1902 முதல் அவர்களுடைய வீடு. 1995இல் நிர்வாகம் அதைக் காணி அபிவிருத்திக் கம்பனி ஒன்றுக்கு விற்றது. அடுத்து எங்கே ஆடுவது என்பதற்கு ஏற்பாடே இல்லை. காணியை விற்ற பணத்தில் தனிநபர் இலாபம் எடுக்கக்கூடாது என்ற வாசகம் கழகத்தின் யாப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்ததும் வெளியே வந்தது. ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 1996 ஏப்ரலில் யோர்க் சிற்றியோடு நடந்த ஆட்டம், கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியதால் கைவிடப்பட்டது. 1997 பெப்ரவரி 8ஆம் திகதி நாட்டின் பல கழகங்களின் ஆதரவாளர்கள் தங்கள் தங்கள் சட்டைகளை அணிந்துகொண்டு பிரைட்டனுக்குத் துணையாக வந்து நின்றார்கள். அன்று ஹார்ட்ல்பூலை 5-0 என்று வென்றார்கள். ஆனாலும் மைதானம் போய்விட்டது. இரண்டு வருடம் கில்லிங்ஹாமில் இரவல் மைதானத்தில் ஆடினார்கள். பிறகு வித்டீன் என்ற ஓட்டப்பந்தய அரங்கில் ஆடினார்கள். சொந்த மைதானத்துக்குள் திரும்பக் கால் வைத்தது 2011இல்.

இங்கிலாந்தில் காணிப் பதிவேட்டின் பிரதியை யாரும் எடுக்கலாம். இணையத்தில் சில பவுண் கட்டினால் போதும். உரிமையாளர் யார், அதன்மேல் ஈடு ஏதாவது இருக்கிறதா என்று அதில் தெரியும். ஊரில் காணி வாங்கும்போது உறுதியைப் பார்க்காமல் நாம் கைச்சாத்து வைப்போமா? அதே அக்கறை இங்கேயும் வேண்டும்.

கணக்கை வாசிக்கும் விதம்

இங்கிலாந்தின் கழகங்களில் மிகப் பெரும்பாலானவை சட்டப்படி கம்பனிகள். அதனால் கம்பனிகள் பதிவகத்தில் வருடக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். அந்தப் பத்திரங்களை இலவசமாகப் பார்க்கலாம். கழகத்தின் விளையாட்டுப் பெயர் வேறு, கம்பனியின் பெயர் வேறாக இருக்கக்கூடும். டிக்கெட்டின் பின்பக்கத்திலோ கழக இணையத்தளத்தின் அடியிலோ கம்பனி இலக்கம் இருக்கும். அதை வைத்துத் தேடுங்கள்.

சிறிய கழகங்கள் பல இலாப நட்டக் கணக்கைக் கொடுக்காமல் ஐந்தொகையை மட்டும் தாக்கல் செய்கின்றன. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனாலும் மனம் தளரவேண்டாம். இரண்டு வருடத்து ஐந்தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒதுக்கத்தில் உள்ள இலாப நட்ட மீதி இந்த வருடத்துக்கும் சென்ற வருடத்துக்கும் இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கழித்துப் பாருங்கள். பங்குதாரருக்கு இலாபம் பங்கிடப்படாத கழகத்தில் அதுதான் ஏறக்குறைய அந்த வருடத்து இலாபம் அல்லது நட்டம். அடுத்து, ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய கடன் எவ்வளவு, கையில் உள்ள காசு எவ்வளவு என்று பாருங்கள். பிறகு குறிப்புகளுக்குப் போங்கள். எண்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், உண்மையான விஷயம் பெரும்பாலும் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில்தான் கிடக்கும். பணிப்பாளர் கொடுத்த கடனுக்கு வட்டி உண்டா, அவருடைய வேறு கம்பனிகளோடு கழகத்துக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டா என்பது அங்கேதான் இருக்கும்.

"கழகத்துக்கு நான் இவ்வளவு போட்டிருக்கிறேன்" என்று உரிமையாளர் ஒருவர் சொன்னால், எப்படிப் போட்டார் என்று கேளுங்கள். பங்காகப் போட்ட பணம் கழகத்துக்குள் தங்கும். கடனாகப் போட்ட பணத்தை ஒருநாள் திருப்பிக் கேட்கலாம். கழகத்தின் சொத்தை ஈடாக எழுதிக்கொண்டு கொடுத்த கடன் என்றால், பதிவகத்தில் ஈடுகளுக்கான தனிப்பக்கத்தில் அது இருக்கும். மான்செஸ்டர் யுனைட்டட் கழகத்தை 2005இல் கிளேசர் குடும்பம் வாங்கியபோது, வாங்கக் கடன்பட்ட பணத்தில் பெரும் பங்கு கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அந்தக் கழகத்தின் ஆதரவாளர்கள் இருபது வருடமாகக் கத்துவது இதைப் பற்றித்தான். உலகின் மிகப் பணக்காரக் கழகங்களில் ஒன்றுக்கு இது நடந்திருக்கிறது.

எங்கள் கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மூன்று வருடக் கணக்குகளை அச்சடித்துப் பரப்பினேன். அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து வைத்து வாசிப்பது என் பழக்கம். நிலையான சொத்து என்ற வரிக்கு வந்தபோது தொகை சட்டென்று இறங்கியிருந்தது. முதல் வருடத்தில் ஆறு இலக்கம். அடுத்த வருடத்தில் ஐந்து இலக்கம், அதுவும் புல்வெட்டும் இயந்திரமும் சமையலறைச் சாமான்களும் மட்டும் என்று சொல்லத்தக்க தொகை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து எழும்பிப் போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன். திரும்ப வந்து பார்த்தேன். பிழை இல்லை. மைதானம் ஐந்தொகையிலிருந்து போயிருந்தது. குறிப்புகளில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: காணி, உரிமையாளருடைய வேறொரு கம்பனிக்கு மாற்றப்பட்டது, கழகம் இனிக் குத்தகைக்காரர். இரண்டாயிரம் பேர் வாரம்தோறும் கூடும் இடம் கைமாறியதை நாங்கள் ஒருவரும் அறியவில்லை.

அதைக் கண்டதும் யாருக்கும் தொலைபேசி எடுக்காமல் இருந்ததுதான் அன்று நான் செய்த நல்ல வேலை. காலையில் காணிப் பதிவேட்டின் பிரதியை எடுத்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஒரு பத்திரத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள். இரண்டு வேண்டும்.

கேள்வியை எழுத்தில் கேளுங்கள்

உரிமையாளரைத் தேநீர்க் கடையடியில் மறித்துக் கேட்டால் ஒரு சிரிப்பும் ஒரு சமாளிப்பும்தான் கிடைக்கும். எழுதிக் கேளுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். "ஏன் எங்களை ஏமாற்றினீர்கள்?" என்பது கேள்வி அல்ல, அதற்குப் பதிலும் கிடையாது. நாங்கள் கேட்டவை இவை: குத்தகை எத்தனை வருடம்? வருட வாடகை எவ்வளவு? யார், எத்தனை மாத அறிவித்தலில் குத்தகையை முடிக்கலாம்? காணியின்மேல் ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா? கழகத்தை விற்றால் மைதானமும் சேர்ந்து போகுமா?

பதில் தருவதற்குத் திகதி ஒன்றைக் குறிப்பிடுங்கள். மூன்று வாரம் நியாயமான அவகாசம். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை, திகதியை மட்டும் மாற்றி, மீண்டும் அனுப்புங்கள். குரலை உயர்த்தவேண்டாம். பிரதிகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

எங்களுக்குப் பதில் வந்தது, அதுவும் மரியாதையான பதில். கழகம் ஒருநாள் கடனில் மூழ்கினாலும் கடன்காரர் மைதானத்தில் கை வைக்கக்கூடாது என்பதற்காகவே பிரித்து வைத்ததாக உரிமையாளர் எழுதியிருந்தார். அதை உடனே தள்ளிவிடாதீர்கள். அப்படியான ஏற்பாடு மைதானத்தைக் காப்பாற்றவும் கூடும், கழகத்தை நடுத்தெருவில் விடவும் கூடும். எது என்பதைத் தீர்மானிப்பது குத்தகைப் பத்திரத்தின் வாசகம்தான். எங்கள் குத்தகை ஐந்து வருடம். எந்தப் பக்கமும் ஆறு மாத அறிவித்தலில் முடிக்கலாம். இருபத்தைந்து வருடம் வேண்டும் என்று கேட்பது என்று சங்கத்தின் செயற்குழு முடிவெடுத்தது.

தனியாக நிற்கவேண்டாம்

ஒருவர் எழுதும் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும். சங்கம் எழுதும் கடிதம் மேசையில் கிடக்கும். உங்கள் கழகத்தில் ஆதரவாளர் சங்கம் இருந்தால் சேருங்கள். பல இடங்களில் வருடச் சந்தா ஒரு சீசன் டிக்கெட்டில் மிகச் சிறிய பங்குதான். இல்லையென்றால் தொடங்குங்கள். 1992இல் நோர்தாம்ப்டன் நகரக் கழகம் கடனில் தள்ளாடியபோது அதன் ஆதரவாளர்கள் தொடங்கியதுதான் நாட்டின் முதலாவது ஆதரவாளர் அறக்கட்டளை. இன்று உதைபந்தாட்ட ஆதரவாளர் சங்கம் என்ற தேசிய அமைப்பு மாதிரி யாப்பும் ஆலோசனையும் தருகிறது.

யாப்பில் நான் விட்டுக்கொடுக்காத வாசகம் ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு வாக்கு. பத்தாயிரம் பவுண் கொடுத்தவருக்கும் பத்துப் பவுண் கொடுத்தவருக்கும் ஒரே வாக்கு. சமூக நலச் சங்கமாகப் பதிந்தால் சட்டமே அதைக் காக்கும்.

மைதானத்தைச் சமூகப் பெறுமதியுள்ள சொத்தாகப் பட்டியலிடும்படி உள்ளூராட்சி சபையிடம் விண்ணப்பிக்கலாம். 2011ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பட்டியலில் இருந்தால், விற்பனைக்கு வரும்போது வாங்க விரும்பும் சமூக அமைப்புக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். விற்பனையை அது தடுக்காது. ஆனால் ஒரே இரவில் கைமாறுவதைத் தடுக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

பொதுக்கூட்டம்

முதன்முறை பொதுக்கூட்டத்தில் எழும்பிப் பேசியபோது என் கை நடுங்கியது. எழுதிக்கொண்டு போயிருந்ததால் வாசித்து முடித்தேன். ஆங்கிலம் தடக்கும் என்று நினைத்து அமைதியாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எழுதிக்கொண்டு போய் நிதானமாக வாசியுங்கள். அந்த மண்டபத்தில் அரைவாசிப் பேர் அங்கேயே பிறந்தவர்கள். ஆனால் அவர்களில் கணக்கை வாசித்துவிட்டு வந்தவர் மிகச் சிலர்தான்.

பிரேரணை ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். "நிர்வாகத்தின் போக்கைக் கண்டிக்கிறோம்" என்ற மாதிரிப் பிரேரணை நிறைவேறினாலும் ஒன்றும் நடக்காது. "குத்தகையை 25 வருடமாக்கி, அதன் பிரதியை உறுப்பினர் பார்வைக்கு வைக்கும்படி கேட்கிறது" என்பது செய்யத்தக்க காரியம். வழிமொழிவதற்கு உங்கள் நண்பரைப் பிடிக்காதீர்கள். இன்னும் முடிவெடுக்காதவர்கள் மதிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். எதிர்ப்பக்கத்தவருக்கு உங்கள் அளவு நேரம் கொடுக்கும்படி தலைவரிடம் நீங்களே கேளுங்கள். வாக்கு எண்ண இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் இருக்கட்டும். கையுயர்த்தி வாக்களித்தால் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கை உயரும். ஆகவே சீட்டு வாக்கெடுப்பே நல்லது.

எத்தனை வீதம் வேண்டும் என்பதைக் கூட்டத்துக்கு முன்னரே யாப்பில் பார்த்து வையுங்கள். வட இங்கிலாந்தில் பெரி என்ற ஊரின் கழகம் 1885இல் தொடங்கியது, எஃப்ஏ கிண்ணத்தை இருமுறை வென்றது. பணமில்லாமல் 2019 ஆகஸ்டில் நாட்டின் தொழில்முறை லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பிறகு ஆதரவாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினர் புதுக் கழகம் தொடங்கி ஆடினார்கள். மற்றப் பகுதியினர் பழைய பெயரையும் கிக் லேன் மைதானத்தையும் மீட்டார்கள். மைதானம் உள்ளவர்களிடம் அணி இல்லை, அணி உள்ளவர்களிடம் மைதானம் இல்லை. ஒன்றாகச் சேர 2022இல் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை ஆதரித்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஒரு பக்கத்தில் கிடைக்காமல் தோற்றது. வென்றவர்கள் ஆரவாரிக்கவில்லை, தோற்றவர்கள் வெளியேறவில்லை என்று என்னால் சொல்ல முடியாது, காயம் இருந்தது. ஆனால் மீண்டும் உட்கார்ந்து பேசி, 2023இல் மீண்டும் வாக்கெடுத்துச் சேர்ந்தார்கள். அந்தப் பருவத்திலேயே கிக் லேனில் ஆட்டம் நடந்தது.

மைதானத்தில் எதிர்ப்பு

கடிதமும் கூட்டமும் பலிக்காவிட்டால் எதிர்ப்புக் காட்டத்தான் வேண்டும். எல்லோருக்கும் ஒரு பார்வையில் விளங்கும் கோரிக்கை வேண்டும். 2016 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் புதிய ஸ்டாண்டில் ஒரு டிக்கெட்டின் உச்ச விலையை 77 பவுண் ஆக்கப் பார்த்தது. சண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழும்பி வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னால் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். என்ன வேண்டும் என்பது அந்த நிமிடத்திலேயே எழுதியிருந்தது.

ஜேர்மனியில் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க 2023 டிசம்பரில் கழகங்கள் முடிவெடுத்தபோது, ஆதரவாளர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளையும் சொக்லேற் நாணயங்களையும் மைதானத்துக்குள் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. யாருக்கும் காயம் படாத ஒரு பொருளைத் தேர்ந்ததை நான் மதிக்கிறேன்.

பகிஷ்கரிப்பு கடைசி ஆயுதம். பிளாக்பூல் ஆதரவாளர்கள் "இனி ஒரு பென்னியும் இல்லை" என்று சொல்லிப் பல பருவங்கள் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். 2019இல் உரிமையாளர் நீதிமன்ற நடவடிக்கையால் அகற்றப்பட்ட பிறகு, மார்ச் 9ஆம் திகதி எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். அந்த வருடங்களில் அப்பாவோடு ஆட்டம் பார்க்கும் வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அந்த விலையைக் கொடுக்கத் தயாரானால் மட்டும் தொடங்குங்கள். எது கிடைத்தால் முடிப்போம் என்பதையும் தொடங்கும் நாளிலேயே அறிவியுங்கள்.

சில எல்லைகள் உண்டு. உரிமையாளரின் வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது. குடும்பத்தைத் தொடக்கூடாது. டிக்கெட் கிழிப்பவர், புல் வெட்டுபவர், தேநீர் ஊற்றுபவர் ஆகியோரிடம் கோபத்தைக் காட்டக்கூடாது. அவர்களுக்குக் கிடைப்பது மணித்தியாலக் கூலி. இன்னொன்று எனக்கு மிக முக்கியம்: உரிமையாளர் எந்த நாட்டவர் என்பது ஒரு வாதமே அல்ல. கார்டிஃப் கழகத்தின் நீலச் சட்டையை 2012இல் மலேசிய உரிமையாளர் சிவப்பாக்கியது பிழை. ஆதரவாளர்கள் எதிர்த்ததும், 2015இல் நீலம் திரும்பியதும் சரி. நூறு வருட நிறத்தை எந்த ஊர்க்காரர் மாற்றியிருந்தாலும் பிழைதான். எங்கள் கழகத்தின் எதிர்ப்பு ஒன்றில் இருவர் உரிமையாளரின் பூர்வீகத்தைச் சொல்லிப் பாடத் தொடங்கியபோது நான் பதாகையைச் சுருட்டினேன். என்னோடு நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் சுருட்டினார்கள். பாட்டு நின்ற பிறகுதான் விரித்தோம்.

இரண்டு பக்கமும் நம்மவர்கள் என்றால்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். உரிமையாளர் வருவார், போவார். பக்கத்தில் நிற்பவர் இருபது வருடம் பக்கத்தில் நிற்பார்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், விம்பிள்டன் கழகத்தின் பழைய இடமான பிளவ் லேன் இருக்கிறது. விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக 2002 மே மாதத்தில் மூவர் குழு ஒன்று இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. சில வாரங்களில் ஆதரவாளர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் பொதுவெளியில் வீரர் தெரிவு வைத்தபோது 230 பேர் வந்தார்கள். ஒன்பது வருடத்தில் ஐந்து முறை மேலேறி, 2011இல் லீக்குக்குள் வந்தார்கள். 2020 நவம்பரில் பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். எல்லோரும் சொல்லும் கதை இதுவரைதான். எனக்குப் பிடித்த பகுதி 2019இன் கடைசியில் வருகிறது. புதிய மைதானத்துக்குப் பணம் ஏறக்குறைய 11 மில்லியன் பவுண் குறைந்தது. வெளி முதலீட்டாளருக்குப் பங்கு விற்றால் வேலை முடியும் என்றார்கள் ஒரு பகுதியினர். கழகத்தை ஒருமுறை பறிகொடுத்தவர்கள் மீண்டும் பங்கை விடுவதா என்றார்கள் மற்றவர்கள். இருவரும் ஒரே காயத்திலிருந்துதான் பேசினார்கள். பிறகு ஆதரவாளர்கள் சிலர் ஒரு கடன்பத்திரத் திட்டத்தோடு வந்து, சில மாதங்களில் 5 மில்லியனுக்கு மேல் திரட்டினார்கள். பங்கை விற்காதே என்று சொன்னவர்கள் பணத்துக்கு வழியையும் கொண்டுவந்து காட்டினார்கள். நீங்கள் ஒரு திட்டத்தை எதிர்த்தால், அந்தத் துளையை வேறு எதனால் அடைப்பது என்று தொகையோடு சொல்லவேண்டும்.

எதிர்த் திசையிலும் நேர்மையான முடிவு உண்டு. போர்ட்ஸ்மவுத் கழகத்தை 2013இல் ஆதரவாளர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண் பங்கு போட்டுக் காப்பாற்றினார்கள். ஒன்றரை வருடத்தில் பழைய கடனை அடைத்தார்கள். 2017இல் அமெரிக்க முதலீட்டாளருக்கு விற்பதா என்று வாக்கெடுத்து, பெரும்பான்மையாக ஆம் என்றார்கள். நான் இல்லை என்று போட்டிருப்பேன். ஆனால் கணக்கை விரித்து வைத்து, முதலீட்டாளரை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டு, ஆளாளாக வாக்களித்து எடுத்த முடிவை நான் மதிக்கிறேன்.

எங்கள் கழகத்தில் எனக்கு எதிராக மிகக் கடுமையாகப் பேசியவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர். எழுபது வயது தாண்டியவர். "அந்த மனிதர் இல்லாவிட்டால் நாம் எப்போதோ மூடியிருப்போம், அவரைக் கள்ளனாக்கப் பார்க்கிறாய்" என்று கூட்டத்திலேயே சொன்னார். நான் உரிமையாளரைக் கள்ளன் என்று சொல்லவில்லை. குத்தகையைத்தான் கேட்டேன். ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. அவர் சொன்னதில் பாதி உண்மையும் கூட. கழகம் மூடும் நிலையில் இருந்தபோது சம்பளம் கொடுத்தது அந்த உரிமையாளர்தான். அடுத்த நாள் அதை எழுதி அவருக்கு அனுப்பினேன்: நீங்கள் சொன்ன இந்த விஷயம் சரி, நான் அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கவேண்டும். எதிர்த்தரப்பில் சரியாக இருப்பதை முதலில் வாய்திறந்து ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் பேச்சு அவர் காதில் ஏறும்.

அடுத்த சனிக்கிழமை மழை. தகரக் கூரையின் கீழ் வழக்கமான இடத்தில் அவர் நின்றிருந்தார். நானும் போய் வழக்கமான இடத்தில் நின்றேன். முதல் பாதி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. இடைவேளையில் தன் ஃபிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றி, ஆட்டத்தைப் பார்த்தபடியே என் பக்கம் நீட்டினார்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து வருடம். ஆறு மாத வாசகம் நீக்கப்பட்டது. இருபத்தைந்து கேட்டுப் பதினைந்து கிடைத்ததில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் சுதந்திரமான ஒழுங்குபடுத்துநர் ஒருவரை ஏற்படுத்தி, மைதானத்தை விற்பது, சின்னம், நிறம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அது ஆண்கள் லீக் வரிசையில் மேலுள்ள ஐந்து படிகளுக்குத்தான். எங்கள் கழகம் அதற்குக் கீழே. நாட்டில் மிகப் பல கழகங்கள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. அங்கெல்லாம் காவல் இருப்பது ஆதரவாளர்தான்.

ஆகவே நாட்காட்டியில் ஒரு திகதியைக் குறித்து வையுங்கள். தனியார் கம்பனிக்குக் கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதம் அவகாசம். எங்கள் கழகத்தின் ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது, எனவே மார்ச் 31க்குள் கணக்கு வரவேண்டும். பிந்தினால் ஏன் என்று கேளுங்கள். ஆண்டு முடிவுத் திகதியை மாற்றினாலும் கேளுங்கள். இந்த வருடம் ஏப்ரல் முதலாம் திகதி காலை எட்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. பஸ் சாரதிதான். கணக்கு வந்துவிட்டதா, வாடகை வரியைப் பார்த்தாயா என்று கேட்டார்.